அவாவுக்குப் பூச்சி

அவருடைய வாயில் பெயர்கள் வராது. ஆட்களுக்கும் வராது, சாமான்களுக்கும் வராது. 'அவா', 'அவை', 'அதுகள்', 'மற்றது' என்பதோடு அவருடைய கதை முடிந்துவிடும். "அவா இண்டைக்கு முகம் குடுக்கேல்ல" என்பார். எந்தப் பெண், யார் அவா என்று கேட்டால், இது தெரியாத ஆளும் உலகத்தில் உண்டா என்பதுபோல நிமிர்ந்து பார்ப்பார். மிச்சத்தை நாங்கள்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். பாதி நாள் பிழையாகத்தான் கண்டுபிடித்தோம். ஒருமுறை ஊரே ஒன்றுசேர்ந்து பிழையாகக் கண்டுபிடித்தது. அவருடைய பெயரை நானும் இங்கே சொல்லப் போவதில்லை. என் தலையை அவ்வளவு குழப்பியவருக்கு இந்த மரியாதையாவது செய்ய வேண்டாமா?

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் முல்லைத்தீவுக் கரையோரமாக ஒரு சின்ன மருந்தகத்தில் எனக்கு மருந்து கொடுக்கிற வேலை. சொந்த ஊர் அக்கராயன். குளத்தையும் வாய்க்காலையும் வயலையும் தெரிந்த எனக்குக் கடல் என்றால் ஒன்றும் விளங்காது. அங்கே இருந்த சனத்திலும் அரைவாசிப் பேர் சண்டையால் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து கொட்டில் போட்டவர்கள். கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜரும் அப்படித்தான், எங்கள் மருந்தகத்து மிட்வைஃப் அக்காவும் அப்படித்தான். ஒருவருடைய பழைய கதை மற்றவருக்குத் தெரியாது. கேட்கவும் யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

முதல்நாள் அவர் வந்து மேசைக்கு முன்னால் நின்று, "பிள்ளை, மூச்சு விடுறதுக்கு ஒண்டு வேணும்" என்றார். ஐம்பது தாண்டிய ஆள். மார்பு அகலம், காது மந்தம், கண் எந்நேரமும் சிவப்பு. இழுப்பு என்று நினைத்து அதற்கான குளிசையை எடுத்தேன்.

"எனக்கில்லை. அவாவுக்கு."

"அப்ப அவாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்."

"அவா வெளிக்கிட மாட்டா" என்றவர், கழிவு வாளிக்குள் கிடந்த பழைய சேலைன் குழாயைக் காட்டினார். "உது காணும், வேறொண்டும் வேண்டாம்."

மூச்சுக் கஷ்டத்துக்கு சேலைன் குழாயா? நான் முழித்துக்கொண்டு நின்றேன். அவர் அதைக் கழுவித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட்டார். மிட்வைஃப் அக்காவிடம் கேட்டபோது அவா இன்னும் குழப்பினா. "அந்தாளின்ர மனுசி கண் ஒப்பரேசனுக்கு எண்டு வவுனியாவுக்குப் போனது. பிறகு சண்டையில பாதை பூட்டியாச்சு, வரேல்ல. அப்ப வீட்டில ஆர்?" என்று என்னையே திருப்பிக் கேட்டா.

அந்தக் கேள்வி ஊருக்குள் போனது. அவரும் அதற்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டேயிருந்தார். "அவாவுக்கு இறால் எண்டா உயிர், நறுக்கித்தான் ஊட்டோணும்." "வெயில் வேணும் அவாவுக்கு, கூடினாலும் ஏலாது." "காலைப் பதிச்சு நிண்டாவெண்டா ஆராலயும் அசைக்கேலாது." இப்படி அவர் விட்ட துண்டுகளைப் பொறுக்கிச் சனம் ஒரு பெண்ணைச் செய்துவிட்டது. கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம், எழும்பி நடக்க முடியாத, வெயில் காய்கிற, இறால் மட்டும் சாப்பிடுகிற ஒருத்தி. மனைவி அந்தப் பக்கம் அகப்பட்டிருக்க இவர் இந்தப் பக்கம் இப்படி. எனக்கும் அவர்மேல் கொஞ்சம் வெறுப்பு வந்தது உண்மை.

பிறகுதான் சங்கக்கடை மனேஜர் ஒருநாள் மத்தியானம், சைக்கிளைச் சாத்தக்கூட நில்லாமல் மணலில் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"மிஸ், அந்தாள் வந்து பூச்சி மருந்து கேக்குது!"

"ஆருக்காம்?"

"வீட்டுக்காம். என்னத்துக்கு எண்டு கேட்டன். இனி என்னால ஏலாது, ஒரேயடியா முடிக்கோணும் எண்டார். அந்தாளுக்கு வயலும் இல்லை, தோட்டமும் இல்லை மிஸ்."

"குடுத்தனீங்களோ?"

"எனக்கென்ன விசரோ? முடிஞ்சு போச்செண்டு சொல்லிப்போட்டுத்தான் ஓடி வாறன்."

எங்கள் பக்கத்தில் பூச்சி மருந்து என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்யும். பிள்ளைகளின் வயிற்றுப் புழுவுக்குக் கொடுக்கிற குளிசையும் பூச்சி மருந்துதான், வயலுக்கு அடிக்கிற நஞ்சும் பூச்சி மருந்துதான். அக்கராயனில் பிறந்தவளுக்கு எது முதலில் தோன்றும்? அதைக் குடித்தவர்களைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாங்குப் பலகையில் கிடத்தியதை நான் கண்டிருக்கிறேன். அவர்மேல் இருந்த வெறுப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஊர் உடனே வேலையைத் தொடங்கியது. இந்த விஷயத்தில் எங்கள் சனத்தைக் குறை சொல்லவே முடியாது. காலையில் ஒருவர் புட்டோடு போவார், மத்தியானம் ஒருவர் பேப்பரோடு போவார், பொழுதுபடும் வரைக்கும் ஒருவர் மாறி ஒருவர் அவருடைய முன்விறாந்தையில் இருந்து, பாதை திறக்கும், மனைவி வருவா, எல்லாம் நன்மைக்குத்தான் என்று கதைப்பார்கள். யாரோ கெட்டிக்காரர் கிணற்றுக் கயிற்றையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதுதான் அவரை என்னிடம் கொண்டுவந்தது. வரும்போதே கத்திக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, இந்தச் சனத்துக்கு என்ன பிடிச்சது? விடிஞ்சாப் பொழுதுபட்டா ஆரோ ஒருத்தர் வந்து குந்திக்கொண்டு இருக்கினம். ஆர் செத்தவை எண்டு வருகினம்? இப்ப கிணத்துக் கயிறையும் காணேல்ல. நல்ல தண்ணி விடாமல் அவாவுக்கு உப்புக் கூடிட்டுது."

"உப்போ? பிறஷரோ?"

"உப்பெண்டா உப்பு. அதுக்குள்ள பூச்சி வேற."

நான் கதிரையில் நேராக இருந்தேன். "அவாவுக்கு வயித்துப் பூச்சியோ?"

"வயித்தில இல்லைப் பிள்ளை, மேலில. சப்பட்டை சப்பட்டையா, துருப்பிடிச்ச நிறத்தில. வெயில் விழுற பக்கமாப் பாத்துப் பரவிக் கிடக்குதுகள். அவா அப்பிடியே சுருங்கிப் போனா. ரெண்டு நாளா வாய் திறக்கேல்ல."

"கடவுளே! அவாவுக்கு என்ன வயசு?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நான் எடுக்கேக்க இவ்வளவுதான் இருந்தா." இரண்டு கைகளாலும் ஒரு சோற்றுக்கோப்பை அளவு காட்டினார்.

பச்சைக் குழந்தை! "எங்கயிருந்து எடுத்தனீங்கள்?"

"பாருக்குள்ளயிருந்து."

எனக்குத் தெரிந்த பார், வவுனியாவில் போத்தில் சாராயம் விற்கிற இடம். சாராயக் கடையில் கிடந்த குழந்தையை எடுத்து வளர்த்து, அதற்கு இப்போது உடம்பெல்லாம் புழு. அதற்குமேல் என்னால் இருக்க முடியவில்லை. மருந்தகத்தைப் பூட்டிவிட்டு, மிட்வைஃப் அக்காவையும் இழுத்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் சைக்கிளை மிதித்தேன்.

வேலிக்குப் பின்னால் குழந்தையும் இல்லை, பெண்ணும் இல்லை. இடுப்பளவு உயரத்தில் ஒரு நீளமான சீமெந்துத் தொட்டி இருந்தது. மேலே பாதிக்குக் கிடுகு வேய்ந்திருந்தது. பக்கத்தில் காற்றடித்த லொறி ரியூப் ஒன்று. அதன் வாயில் நான் கழுவிக் கொடுத்த சேலைன் குழாய். குழாயை நெரிக்கிற சின்னச் சில்லை அளவாக இறுக்கிவிட்டிருந்தார், தண்ணீருக்குள் குமிழி குமிழியாகக் காற்று போய்க்கொண்டிருந்தது. மூச்சு விடுவது அதுதான், வெயிலில் தண்ணீர் வற்ற உப்புக் கூடுவதும் அந்தத் தொட்டிக்குள்தான். ரியூப் இளகினால் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்மை எடுத்து அடிப்பார். மின்சாரம் என்ற ஒன்றையே நாங்கள் மறந்திருந்த காலம் அது.

"இவாதான்" என்றார்.

தண்ணீருக்குள் முருகைக்கற்கள், பவளப்பாறைத் துண்டுகள். கடலுக்கடியில் அந்தக் கல் திடலாக வளர்ந்திருக்கிற இடத்தைத்தான் கரையோர ஆட்கள் பார் என்பார்கள் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். நடுக்கல்லில் கைப்பிடியளவு சதை ஒன்று சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. அது விரிந்தால் நூறு விரல் உள்ள பூவாக இருக்குமாம். கடற்பூ என்று மற்றவர்கள் சொல்வார்களாம், அவர் அப்படிச் சொல்லமாட்டார். செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டி போட்ட இரண்டு சின்ன மீன்கள் வீட்டுக் கதவு பூட்டியிருப்பதைக் கண்ட பிள்ளைகளைப்போல அதைச் சுற்றிச் சுற்றி வந்தன. கல்லெல்லாம் துரு நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. குனிந்து பார்த்தேன். படிவு அசைந்தது. அரிசியைவிடச் சின்னதாக, பின்பக்கம் பிளந்த வாலோடு, ஒன்றின்மேல் ஒன்றாகத் தட்டைப் புழுக்கள்.

"சப்பட்டையன்" என்றார். அவர் வாயால் நான் கேட்ட ஒரே பெயர் அது. வெறுப்பு இருந்தால்தான் அவருக்குப் பெயர் வரும்போலும்.

அவர் முன்பு கொழும்புக்காரருக்கு வர்ண மீன் பிடித்துக் கொடுத்த சுழியோடி. லொறி வருவது நின்றபிறகு, தொட்டியில் இருந்ததையெல்லாம் கடலிலேயே விட்டுவிட்டார். இதை மட்டும் மனைவி விடவிடவில்லை. இறால் ஊட்டிப் பழக்கியவா அவாதான். வவுனியாவுக்கு வெளிக்கிட்ட அன்று வாசலில் நின்று, "நான் வாற வரைக்கும் அவாவை விட்டிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறா.

"அவா இல்லாட்டி அவா வரமாட்டா பிள்ளை" என்றார்.

இதில் முதல் அவா யார், இரண்டாவது அவா யார் என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. மாற்றிப் போட்டாலும் சரியாகத்தான் வருகிறது. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. அந்தச் சதைத்துண்டு செத்தால், வவுனியாவில் இருக்கிற மனுசி திரும்பி வருவா என்ற நம்பிக்கையையும் அவர் விட்டுவிடுவார்.

புழுவை ஒழிக்க அவர் செய்யாதது இல்லை. காலையில் வெயில் விழுந்ததும் அதுகள் வெளிச்சத்துக்குக் கூடும். அந்த நேரம் பார்த்துக் குழாயால் உறிஞ்சி எடுப்பார். சின்னக் கற்களைக் கிணற்றுத் தண்ணீரில் தோய்த்து உதறுவார், நல்ல தண்ணீர் பட்டால் புழு கழன்று விழும். அவாவைத் தோய்க்க முடியாது, தாங்கமாட்டா. அதுகளைப் பொறுக்கித் தின்கிற மீன் ஒன்று பாரில் இருக்கிறது. ஆனால் சுழியோட அப்போது யாரையும் விடுவதில்லை. ஆகக் கடைசியில்தான் அவருக்கு அந்த யோசனை வந்திருக்கிறது.

"புழுவுக்குப் புழு மருந்துதானே? பிள்ளையளுக்குக் குடுக்கிற பூச்சி மருந்து. அந்த மனேஜரைக் கேட்டால் முடிஞ்சுதெண்டு சொல்லிப்போட்டுச் சைக்கிளில ஏறி ஓடுறார்."

மிட்வைஃப் அக்கா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பிவிட்டா. நான் சிரிக்கவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது.

பிள்ளைகளுக்கு வருகிற குளிசையே காணாது, அதில் தொடமுடியாது என்று சொன்னேன். ஆனால் திகதி முடிந்து எரிப்பதற்கென்று ஒதுக்கிய பெட்டிக்குள் பழைய வகைப் பூச்சிக் குளிசை கிடந்தது. "எரிக்கிறதைத்தானே குடுக்கிறம், ஆள் தின்னப் போறேல்லத்தானே" என்று மிட்வைஃப் அக்காதான் எடுத்துக் கொடுத்தா. அவர் முதலில் ஒரு பேசின் தண்ணீரில் கல் ஒன்றைப் போட்டுக் குளிசையைக் கரைத்துப் பார்த்திருக்கிறார். புழு செத்தது. கூட இருந்த குட்டி நண்டுகளும் செத்தன. என்னிடம் வந்து, "இருக்கேக்க ஒண்டும் செய்யாதுகள். செத்த பிறகுதான் நஞ்சு விடுதுகள்" என்றார். நான் அன்று முழுக்க அவர் யாரைப் பற்றிச் சொன்னார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இனி நடந்ததைச் சொல்லவேண்டும். குளிசை கொடுத்த கதை வெளியே போகக்கூடாதென்று நானும் அக்காவும் ஊருக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஊரும் காவலை நிறுத்தவில்லை. புழுக்களை முடிந்தளவு உறிஞ்சி எடுத்து, மாற்றுவதற்குக் கலன்களில் கடல் தண்ணீரும் நிறைத்து வைத்துக்கொண்டுதான் அவர் மருந்தைத் தொட்டிக்குள் ஊற்றினார். ஆனால் கண்ணில் பட்டதைவிடப் படாத புழுக்கள் பத்து மடங்கு. கல்லிடுக்கிலிருந்து சுருண்டு சுருண்டு வந்து விழுந்தன. தண்ணீர் பால் விடாத பிளேன்ரீ நிறமாகிவிட்டது, செத்த புழுக்கள் விட்ட நஞ்சு அது. அவர் பதறிப்போய்க் குழாயை வாயில் வைத்து வேகமாக உறிஞ்ச, அந்தத் தண்ணீர் தொண்டைக்குள் போய், தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்து வாந்தி எடுத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து, காவலுக்கு முறை வந்த பக்கத்துவீட்டு மனுசி இடியப்பத்தோடு உள்ளே வந்தா. ஆள் நிலத்தில் கிடக்கிறார், வாயில் நுரை, பக்கத்தில் குளிசைத் தாள்.

"ஐயோ, பூச்சி மருந்து குடிச்சிட்டார்!"

அந்தக் குரல் சங்கக்கடை வரைக்கும் கேட்டதாம். நான் போய்ச் சேர்ந்தபோது வளவு நிறையச் சனம். மனேஜர் லான்ட்மாஸ்டர் உழவு மெசினை இழுவைப் பெட்டியோடு கொண்டுவந்து வேலியை இடித்துக்கொண்டு நிறுத்தியிருந்தார். நாலு பேர் அவரைத் தூக்கப் போனார்கள். அவர் கண்ணைத் திறந்து கூட்டத்தைப் பார்த்தார்.

"வாளி கொண்டு வந்தனீங்களோ?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கடல் தண்ணி வேணும். கனக்க வேணும். அவா சாகப் போறா!"

மனேஜர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஊரே அவ்வளவு காலம் கதைத்த பெண்ணை அப்போதுதான் முதன்முதலில் பார்க்கிறார். "இதுவோ அவா?"

"இது எண்டு சொல்லாதேங்கோ" என்றார் அவர், கிடந்த கிடையில்.

என் காலடியில் இருந்த வாளியை ஒரு பெண் எடுத்துக்கொண்டு கடற்பக்கம் ஓடினா. அவாவுக்குப் பின்னால் எல்லோரும் ஓடினார்கள். மனேஜர் பெட்டியில் பீப்பாக்களை ஏற்றினார். ஒரு பக்கம் அள்ளி வெளியே ஊற்ற, மறுபக்கம் கொண்டுவந்து நிறைக்க, பொழுதுபடும் வரைக்கும் அதுதான் வேலை. என்ன செய்கிறோம், எதற்காகச் செய்கிறோம் என்று பாதிப் பேருக்கு விளங்கவேயில்லை. எனக்கே முழுக்க விளங்கவில்லை. ஆனால் அந்த ஊரில் இருந்த காலத்தில் நான் மனம் நிறைந்து செய்த வேலை எது என்று கேட்டால் அன்றைக்குத் தண்ணீர் சுமந்ததைத்தான் சொல்வேன்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். விரிந்திருந்தா. 'விரிந்திருந்தது' என்றுதான் எழுதவேண்டும், கை வரவில்லை. இரண்டு மீன்களும் அவாவின் விரல்களுக்குள் புகுந்து புரண்டுகொண்டிருந்தன. கல்லில் ஒரு சப்பட்டையனும் இல்லை. கிணற்றில் கயிறும் திரும்பி வந்திருந்தது, யார் கொண்டுவந்து கட்டியது என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் சண்டை நெருங்கிக் கரையை விட்டு எல்லோரும் எழும்ப வேண்டி வந்தது. பெட்டிகளில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, அவர் ஒரு பேசினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடலுக்குள் நடப்பதைக் கண்டோம். முழங்கால், இடுப்பு, நெஞ்சு, பிறகு ஆளைக் காணவில்லை. மனேஜர், "இந்தமுறை உண்மையாத்தான் மிஸ்!" என்று கத்திக்கொண்டு ஓடினார். நான் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினேன். "அவர் அவாவை விடப் போறார். நில்லுங்கோ" என்றேன். சொன்னேனே தவிர, எனக்கும் நம்பிக்கை இருக்கவில்லை. தண்ணீர் ஒன்றும் தெரியாததுபோல் கிடந்தது. நான் பிடித்திருந்த கையில் என் நகம் பதிந்ததை மனேஜர் பிறகு காட்டினார்.

எங்கேயோ தள்ளி எழும்பினார். வெறும் பேசினோடு நடந்து வந்தார்.

"கல்லைக் கண்ட உடன காலைப் பதிச்சிட்டா. அவையும் பின்னாலயே போயிட்டினம்" என்று மீன்களையும் சேர்த்துச் சொன்னார். சேலைன் குழாயைச் சுருட்டி என் கையில் தந்தார். பிறகு சின்னப்பிள்ளைபோல என்னைப் பார்த்து, "அவா வந்து கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றார். ஏறச் சொல்லி எவ்வளவோ கேட்டோம். "நீங்கள் போங்கோ, நான் வாறன்" என்றவர் வரவேயில்லை.

நான் அக்கராயனுக்குத் திரும்பி, அங்கே ஆஸ்பத்திரியில் அதே குளிசை எண்ணுகிற வேலையைப் பார்த்தேன். கரைக்குச் சனம் திரும்பிப் போகத் தொடங்கியது என்று கேள்விப்பட்டபோதெல்லாம் அவரைப் பற்றி விசாரித்தேன். கண்டவர்களும் இருந்தார்கள், காணாதவர்களும் இருந்தார்கள். பெயரில்லாமல் கதைக்கிற ஒருவரைப் பற்றி யாரிடம் எப்படி விசாரிப்பது?

ஒருநாள் தடித்த கண்ணாடி போட்ட ஒரு அம்மா, கையில் சீலைப் பையோடு, வரிசையை விட்டு விலகி நேரே என் மேசைக்கு வந்தா.

"நீங்கள் முந்திக் கரையில மருந்து குடுத்த மிஸ்ஸோ? ஆரோ சொல்லிச்சினம். நான் வவுனியாவிலயிருந்து வாறன். இப்பத்தான் பாதை திறந்து விட்டவை."

"ஓம். சொல்லுங்கோ அம்மா."

"அவா இருக்கிறாவோ?"

ஒரு கணம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எண்ணிக்கொண்டிருந்த குளிசையை வைத்துவிட்டு எழும்பினேன்.

"இருக்கிறா. கடலில விட்டிட்டார். பாருக்குள்ள. எழும்பேக்க கொண்டுபோக வழியில்லை."

"நான் வெளிக்கிடேக்கயே ரெண்டு மூண்டு சப்பட்டையன் தொத்தியிருந்தது."

"எல்லாம் போயிட்டுது அம்மா. நல்லா விரிஞ்ச பிறகுதான் விட்டவர்."

அவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டா. "கரைக்குப் போற தட்டிவான் எவடத்தில நிக்கும்?" என்று கேட்டா.

எனக்குப் பயம் வந்துவிட்டது. இவ்வளவு தூரம் போய் ஒருவரும் இல்லாவிட்டால்? "அம்மா, அவர் எங்களோட வரேல்ல. எங்க இருக்கிறார் எண்டு எனக்கு உண்மையாத் தெரியாது. நீங்களும் அவரைப் பற்றி ஒண்டும் கேக்கேல்ல."

அவா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இது தெரியாத ஆளும் உலகத்தில் உண்டா என்பதுபோல என்னைப் பார்த்தா.

"அதைத்தானே பிள்ளை முதல்ல கேட்டனான். அவா அங்க எண்டு சொன்னீங்கள். பிறகென்ன?"